டிகார்பனைசேஷன்: கரிமநீக்கமா, கரிவிலக்கா?

நண்பர்களுக்கு வணக்கம். கரியமில வாயுவை வெளியிடும் எரிபொருள்களையும் முறைகளையும் கைவிடுவதை ஆங்கிலத்தில் டிகார்பனைசேஷன் என்கிறார்கள். தமிழில் அதைக் ‘கரிமநீக்கம்’ என்று எழுதிவருகிறோம். அதற்குப் பதிலாக வேறொரு சொல்லை நான் முன்வைக்கும்போது எழும் கேள்வி இது:

> கரிமநீக்கம் ஏற்கெனவே பரவிவிட்டது. இன்னொரு சொல் எதற்கு?

பரவியது உண்மைதான். ஆனால் தொழிற்பேட்டைகளைப் பற்றி எழுதத் தொடங்கியதும் அந்தச் சொல் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. எஃகு ஆலையைப் பாருங்கள். தாதுவை உருக்கும் ஊதுலையிலிருந்து வரும் இரும்பில் ஏறத்தாழ 4 சதவீதம் கரிமம் (கார்பன்) இருக்கும். ஆக்சிஜனைப் பாய்ச்சி அதை எரித்து வெளியேற்றினால்தான் எஃகு கிடைக்கும். சொல்லுக்குச் சொல் கரிமநீக்கம் என்பது இதுதான். நீங்கிய கரிமமோ வாயுவாக வெளியேறுகிறது! சுவீடனும் இந்தியாவும் சேர்ந்து 2019இல் ஐ.நா. பருவநிலை உச்சிமாநாட்டில் தொடங்கிய லீட்ஐடி (LeadIT, தொழில்துறை மாற்றத்துக்கான நாடுகள், நிறுவனங்களின் குழு) போன்ற கூட்டு முயற்சிகள் கரிமநீக்கம் என்று பேசுவது வேறொன்று. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க நிலக்கரியை விட்டு ஹைட்ரஜனுக்கு மாறுவது அதில் ஒரு வழி. இந்த இரண்டும் ஒரே ஆலையின் அறிக்கையில், ஒரே பக்கத்தில்கூட வரக்கூடும். மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார்?

இது போதாதென்று, காற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட கரியமில வாயுவை உறிஞ்சி எடுக்கும் முறையும் இருக்கிறது. ‘நீக்கம்’ அதற்கே உரிய சொல். அதை அதற்கு விட்டுவிடுவோம்.

நான் முன்வைப்பது ‘கரிவிலக்கு’. மதுவிலக்கு என்றால் குடித்த மதுவை வெளியே எடுப்பது என்று யாரும் கொள்வதில்லை; மதுவே வேண்டாம் என்று ஒதுக்குவது. நகரங்களும் ஆலைகளும் செய்ய வேண்டியதும் அதுதான். கரிவிலக்கிய எஃகு, கரிவிலக்குத் தொழிற்பேட்டை என்று சொல் இயல்பாக வளைந்தும் கொடுக்கிறது. வரிவிலக்கு நினைவுக்கு வருமே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. நம் ஏற்றுமதிப் பொருள்கள் மீது இறக்குமதி செய்யும் நாடுகள் போடும் கரிம வரி பற்றிய கட்டுரையில் ‘விலக்கு’ சலுகையாகப் படிக்கப்படலாம். அங்கே வினையாக, ‘கரியை விலக்குதல்’ என்று எழுதினால் குழப்பம் தீரும்.

ஏன் கரி, ஏன் கரிமம் இல்லை? கரிம வேதியியல், கரிம உரம் என்று அச்சொல் வேறு வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கார்பனுக்கும் இலங்கைக் காபனுக்கும் இடையே ‘கரி’ பொதுவான இடம். எரிவாயுவில் கரி ஏது என்று கேட்பவர்கள், கரியமில வாயு என்னும்போது அப்படிக் கேட்பதில்லையே.

என் சொல்லுக்குச் சிமெண்ட் ஒரு சோதனை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு பிரிகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. நார்வேயின் பிரேவிக் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் வரை பிடித்து, கப்பலில் ஏற்றி, வடகடலின் அடியில் செலுத்தும் ஏற்பாடு இருக்கிறது. இதை விலக்கு என்பது பொருந்தாது. ‘கரிப்பிடிப்பு’ என்று தனியே சொல்வதுதான் நேர்மை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங்’ என்பதற்கு ‘மாவட்ட வெப்பமூட்டல்’ என்ற மொழிபெயர்ப்பைத் தயவுசெய்து கைவிடுங்கள். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனின் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, அறைகளைச் சூடாக்கக் குழாய்வழி வெந்நீர் வருகிறது. அது ஒரு நகர்ப்பகுதியின் பொது வெப்ப வலையம். மாவட்ட நிர்வாகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘பொதுவெப்ப வழங்கல்’ என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன். குளிர்நீரை இப்படி அனுப்பும் வலையங்களும் உண்டு என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல் தேவை. எனக்கு இன்னும் அகப்படவில்லை, தோன்றுபவர்கள் எழுதுங்கள்.