ஐஜிஎம் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ்... ஹெர்பிஸ் ரிப்போர்ட்ல எதை நம்பறது?

பார்டர்பையன்:
யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் கேரளா பார்டர்ல கொழிஞ்சாம்பாறை பக்கம். போன மாசம் புதுசா பழகின ஒருத்தங்களோட இருந்தேன், காண்டம் போட்டுதான், ஆனாலும் மனசு கேக்கல, இங்க லேப்ல எல்லாம் தெரிஞ்ச மூஞ்சியா இருக்கும்னு பஸ் ஏறி பொள்ளாச்சி போய் ரத்தம் குடுத்தேன். ஹெச்எஸ்வி (ஹெர்பிஸ் வைரஸ்) டைப் 1, 2 ஐஜிஎம் பாசிட்டிவ்னு தடிச்ச எழுத்துல இருக்கு, அதுக்கு கீழயே ஐஜிஜி நெகட்டிவ். கொப்புளம் எரிச்சல் ஒண்ணும் இல்லைங்க, ஆனா டெய்லி பாத்ரூம்ல மொபைல் லைட் அடிச்சு பாக்கறேன், ஷேவ் பண்ண எடம் லேசா செவந்தாலும் அன்னிக்கு தூக்கம் போச்சு. வந்துடுச்சா இல்லையா?

லேப்அக்கா:
தம்பி, முதல்ல அந்த லைட்ட ஆஃப் பண்ணு. ஐஜிஎம், ஐஜிஜி ரெண்டும் வைரஸ எதுத்து உடம்பு ரத்தத்துல உண்டாக்கற ஆன்டிபாடி. ஹெர்பிஸுக்கு ஐஜிஎம்ம வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது, அமெரிக்க நோய்த்தடுப்பு அமைப்பு சிடிசியே வேண்டாம்னு சொல்ற டெஸ்ட் அது, டைப் 1ஆ 2ஆனு ஒழுங்கா பிரிக்காது, வேற வைரஸுக்கும் பாசிட்டிவ் காட்டும். கர்ப்பிணிங்களுக்கு எடுக்கற டார்ச் பேனல்ல இது வர்றதால லேப்ல ரெடியா இருக்கும், கேட்டா எடுத்து குடுத்துடுவாங்க. (எனக்கு இதுல ரொம்ப கடுப்பு.) ஐஜிஜி நெகட்டிவையும் இப்பவே கொண்டாடாத, ஆன்டிபாடி வர டைம் எடுக்கும், 12 வாரம் கழிஞ்சு திரும்ப எடு. அப்ப பிறப்புறுப்புல வர்ற டைப் 2க்கு ஐஜிஜினு தனியா கேளு, ஏன்னா வாயோரம் புண்ணு வர்ற டைப் 1 உலகத்துல 50 வயசுக்குள்ள பாதி பேருக்கு மேல இருக்கு, பலருக்கு சின்ன வயசுலயே வந்தது. பாசிட்டிவ்னு வந்தாலும் இண்டெக்ஸ் நம்பர பாரு, 1.1 தாண்டினா பாசிட்டிவ்னு போடுவாங்க, ஆனா 3க்குள்ள இருந்தா பொய்யா இருக்க நல்ல சான்ஸ் இருக்கு, வேற முறைல இன்னொரு டெஸ்ட் பண்ணாம நம்பக்கூடாது.

வாளையார்மச்சான்:
அக்கா சொன்னது செரி. ஒருவேளை கொப்புளம் வந்துச்சுன்னா, காயறதுக்குள்ள தோல் டாக்டர்கிட்ட ஓடு, அதுல ஸ்வாப் எடுத்து பிசிஆர் பண்றதுதான் ரத்தத்த விட நம்பிக்கையான டெஸ்ட். வீட்ல காட்டிடாதடா, அக்கினு சொல்லி காவி எழுத கூட்டிட்டு போயிடுவாங்க 😄 அப்புறம் ஹெர்பிஸையே நெனச்சுட்டு எச்ஐவி, சிபிலிஸ விட்றாத, சர்க்கார் ஆஸ்பத்திரி ஜ்யோதிஸ் சென்டர்ல எச்ஐவி டெஸ்ட் ஃப்ரீ, வெளிய சொல்ல மாட்டாங்க. நேர்ல போக கூச்சமா இருந்தா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணு, அதுவும் ஃப்ரீதான்.

பார்டர்பையன்:
ரொம்ப தேங்க்ஸ்ங்க, இப்பதான் சோறு இறங்குது. அவங்ககிட்ட இப்பவே சொல்லணுமா?

லேப்அக்கா:
என்னன்னு சொல்லுவ, உனக்கே இன்னும் ஒண்ணும் உறுதி இல்லையே. டைப் 2 ஐஜிஜி எடுக்கப்போறேன், நீங்களும் வர்றீங்களானு கேளு, அது போதும். அதுவரைக்கும் காண்டம் விடாத, அது ரிஸ்க்க குறைக்கும், முழுசா தடுக்காது. ரெண்டு பேர்ல யாருக்கு புண்ணு வந்தாலும் ஆறற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்.