பழைய லேண்ட் குரூசருக்குப் பெரிய பவர் ஸ்டீரிங் பம்ப் தேவையா?

கேள்வி (செந்தூல்):
வணக்கம். 33 அங்குல டயர் பொருத்திய பின், உலு லங்காட் சேற்றில் ஊர்ந்து செல்லும்போது ஸ்டீரிங் இறுகி, அதைத் திருப்ப உதவும் எண்ணெயைத் தள்ளும் பம்ப் முனகுகிறது. பெரிய பம்ப் மாற்றலாமா?

மறுமொழி (பத்துமலை):
ஐயா, அவசரப்பட வேண்டாம். எண்ணெயின் அழுத்தம் திருப்பும் விசையையும், அதன் ஓட்டம் திருப்பும் வேகத்தையும் தருகின்றன. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது ஓட்டம் குறைவதால் பெரிய பம்ப் உதவும் என்றாலும், முனகல் பெரும்பாலும் எண்ணெயில் காற்று கலந்ததன் அடையாளம் என்பதால், எண்ணெய்த் தொட்டியில் நுரை தெரிகிறதா, அங்கிருந்து பம்புக்கு எண்ணெய் வரும் உறிஞ்சு குழாயின் கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறுமொழி (கெப்போங்):
பம்பைச் சுழற்றும் பெல்ட் வழுக்கினாலும் ஸ்டீரிங் இறுகும். பம்பை மாற்றினால், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீரிங் பெட்டி தாங்கும் அழுத்தத்தை மீறாதீர்கள், எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் போய்விடும். எண்ணெய் திரும்பும் குழாயில் அதைக் குளிர்விக்கும் கூலர் ஒன்றையும் கட்டாயம் பொருத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நுரை இருக்கிறது, உறிஞ்சு குழாயை முதலில் மாற்றுகிறேன்.