மலேசியா: பொதுத் தேர்தலும் மாநிலத் தேர்தல்களும் ஏன் வெவ்வேறு நாள்களுக்குப் போயின?

ஈப்போ வாசகர் (கேள்வி):
வணக்கம். 2018 மே 9 அன்று, சரவாக் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்களித்தோம். 2022 நவம்பர் 19இலோ பேராக், பகாங், பெர்லிஸ் ஆகிய மூன்று மாநிலங்களின் சட்டமன்றங்களுக்கு மட்டுமே சேர்த்துத் தேர்தல் நடந்தது. நாடாளுமன்றம் கலைந்தால் சட்டமன்றங்களும் தாமாகவே கலைந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். இந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது? முடிவுகளை அது பாதித்ததா?

சிரம்பான் வாசகர்:
தாமாகக் கலைவதில்லை, ஐயா. நாடாளுமன்றத்தைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் கலைக்கிறார். சட்டமன்றத்தை மாநில அரசின் தலைவரான மந்திரி பெசார் அல்லது முதலமைச்சரின் ஆலோசனைப்படி அந்த மாநில ஆட்சியாளரோ ஆளுநரோ கலைக்கிறார். இரண்டுக்கும் முதல் கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகள் ஆயுள். கலைந்தபின் 60 நாள்களுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். ஒன்றாக நடத்துவது வசதி கருதிய வழக்கமே தவிரச் சட்டம் அன்று. சபா 2020இலும், மலாக்காவும் சரவாக்கும் 2021இலும், ஜொகூர் 2022 மார்ச்சிலும் முன்னரே தேர்தலை முடித்துவிட்டன. அன்வார் இப்ராஹிம் தலைமையிலான பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி ஆண்ட சிலாங்கூர், பினாங்கு, நெகிரி செம்பிலானும், பாஸ் கட்சி ஆண்ட கெடா, கிளந்தான், திரங்கானுவும் வெள்ளக் காலத்தில் தேர்தல் வேண்டாம் என்று கலைக்க மறுத்தன. எதிரெதிர் அணிகள் ஒத்துப்போன அரிய தருணம் அது. அந்த ஆறும் 2023 ஆகஸ்ட் 12இல் வாக்களித்தன. ஆளுக்கு மூன்றாக, ஆட்சிகள் இருந்த கைகளிலேயே நீடித்தன.

மலாக்கா வாக்காளர்:
முடிவுகளைப் பாதித்ததா என்பதற்கு எங்கள் மாநிலமே சான்று. 2021 நவம்பர் 20இல் அம்னோ கட்சி தலைமையிலான தேசிய முன்னணிக் கூட்டணி இங்கே 28 சட்டமன்றத் தொகுதிகளில் 21ஐ வென்றது. ஆனால் எதிரணியினர் பிரிந்து நின்றதால் 40 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளே அதற்குப் போதுமாயின. ஜொகூரிலும் 56இல் 40 கிடைத்தது. அங்கே வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 55 விழுக்காட்டினர்தாம். இவ்விரு வெற்றிகளால் ஊக்கம் பெற்ற அம்னோ தலைமை, 2023 ஜூலை வரை ஆயுள் இருந்த நாடாளுமன்றத்தை மழைக்காலத்திலேயே கலைக்கும்படி பிரதமர் இஸ்மாயில் சப்ரியை நெருக்கியது. இதற்கிடையே 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்து, வாக்காளர் தொகை 2 கோடியே 10 லட்சத்தைக் கடந்திருந்தது. எங்கள் மாநிலத் தேர்தல் இந்த மாற்றத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னர் நடந்தது. அதை வைத்துப் பொதுத் தேர்தலைக் கணித்தது பழைய தராசில் புதுச் சரக்கை நிறுத்தது போலத்தான். மாநிலத் தேர்தலுக்குப் பிறகு ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவாக, 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில், மலாக்காவின் 6 நாடாளுமன்றத் தொகுதிகளில் தேசிய முன்னணிக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை. நாடு முழுவதும் 222இல் 30தான்.

ஈப்போ வாசகர்:
தெளிவான விளக்கங்களுக்கு நன்றி. ஒரே நாளில் வாக்களித்த எங்கள் பேராக்கிலும், பாஸ் இடம்பெற்ற பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி 26, பக்காத்தான் 24, தேசிய முன்னணி 9 என்று எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஆகவே, சேர்த்து நடத்தியிருந்தால் தெளிவான தீர்ப்பு வந்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. இன்னோர் ஐயம்: பெரிக்காத்தானின் நாடாளுமன்ற இடங்களைச் சிலர் 73 என்றும் சிலர் 74 என்றும் எழுதுகிறார்களே?

சிரம்பான் வாசகர்:
இரண்டும் சரியே. கெடாவின் பாடாங் செராய் தொகுதியில் பக்காத்தான் வேட்பாளர் வாக்களிப்புக்குச் சில நாள்கள் முன்னர் காலமானதால், அங்குத் தேர்தல் டிசம்பர் 7க்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று கிடைத்ததே அந்த 74ஆவது இடம். அன்வார் இப்ராஹிம் அதற்கு முன்பே, நவம்பர் 24இல், பிரதமராகப் பதவியேற்றுவிட்டார்.