தங்கை முஸ்லிமை மணக்க விரும்புகிறாள்: மலேசியாவில் மதம் மாறாமல் வழி உண்டா?

பூச்சோங் அண்ணன்

என் தங்கைக்கு 27 வயது. மருந்தாளராக வேலை பார்க்கிறாள். பல்கலைக்கழகத்தில் உடன் படித்த தமிழ் முஸ்லிம் பையனைத் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போனான். அவன் முஸ்லிம் என்பதில் அப்பாவுக்கு அவ்வளவு கோபம் இல்லை. "நம் பிள்ளை ஏன் மாற வேண்டும்? அவரவர் மதத்தில் இருந்துகொண்டு பதிவுத் திருமணம் செய்துகொள்ளட்டும்" என்கிறார். அம்மா சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறார். பதிவுத் திருமணத்துக்கு வழி இருக்கிறதா? இல்லையென்றால், மாறுவதால் அவளுக்கும் எங்களுக்கும் என்னென்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதற்காக யாரும் வர வேண்டாம்.

நீதிமன்ற வாசல்

தம்பி, குடும்ப வழக்குகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் நேராகவே சொல்கிறேன். இந்த நாட்டில் வழி இல்லை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. இருவரில் ஒருவர் முஸ்லிம் என்றாலும் தேசியப் பதிவிலாகா பதிவு செய்யாது. இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின் பக்கம் போனால், முஸ்லிம் ஆண் ஒருவர் கிதாபிய்யா (வேதம் வழங்கப்பட்ட யூத, கிறிஸ்தவ வழிவந்த) பெண்ணை மட்டும் மதம் மாற்றாமல் மணக்கலாம். கிறிஸ்தவப் பெண் என்றால், நபிகள் நாயகத்தின் காலத்துக்கு முன்பே அவளுடைய முன்னோர் கிறிஸ்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று அதற்கும் ஒரு வரையறை. இந்துப் பெண்ணுக்கு அந்தக் கதவே கிடையாது. முஸ்லிம் பெண் வேற்று மதத்தவரை மணக்க எந்தக் கதவும் கிடையாது.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே இருவரும் முஸ்லிம்களாக இருந்தால்தான் ஷரியா முறைப் பதிவு. ஒருவர் மட்டும் முஸ்லிம் என்றால் அங்குள்ள பொதுத் திருமணச் சட்டமான மகளிர் சாசனத்தின் கீழ் பதிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு, மதம் மாறாமலே மணக்கலாம். ஆனால் மலேசிய முஸ்லிம் ஒருவர் அப்படி மணந்து இங்கே திரும்பி வந்தால், அந்தத் திருமணம் இங்கே செல்லாது. பிள்ளையின் பிறப்பைப் பதிவதிலிருந்தே தலைவலி தொடங்கும். இஸ்லாமிய மத இலாகாவும் விசாரிக்க வரலாம்.

மாறினால் என்னென்ன ஆகும் என்று கேட்டீர்கள். பிறக்கும் பிள்ளைகள் முஸ்லிம்கள். அவளுடைய சொத்து ஃபராயித் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படிதான் பிரியும். முஸ்லிம் அல்லாத அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதில் பங்கு வராது. ஊழியர் சேமநிதியில் அம்மாவின் பெயரைக் கொடுத்திருந்தாலும், முஸ்லிம் உறுப்பினரின் பணத்தைப் பெறுபவர் அதைப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகி மட்டுமே, உரிமையாளர் அல்ல. பெற்றோருக்கு ஏதாவது போக வேண்டும் என்றால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக (அன்பளிப்பாக) கொடுக்க வேண்டும். அல்லது மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வசியத் (உயில்) எழுத வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: நாளை திருமணம் முறிந்தாலும் அவளுடைய மதம் தானாகப் பழையபடி ஆகிவிடாது.

மாரியம்மன் கோவில் தெரு

அந்தக் கடைசி வரியைப் பத்துமுறை படியுங்கள் தம்பி. உள்ளே போக ஒரு கலிமா, அதாவது இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி, போதும். வெளியே வர? முஸ்லிமாகப் பிறந்த லீனா ஜோய் என்ன செய்தார்? கிறிஸ்தவராகி, கிறிஸ்தவர் ஒருவரை மணப்பதற்காக அடையாள அட்டையில் இருந்த "இஸ்லாம்" என்ற ஒரு சொல்லை எடுத்துத் தரும்படி கேட்டார். 2007 மே 30 அன்று கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்துவிட்டது. ஷரியா நீதிமன்றத்தின் அனுமதியோடு வா என்றது. அதே ஆண்டில், பதிவில் முஸ்லிமாக இருந்தும் இந்துவாக வாழ்கிறேன் என்று சொன்ன தமிழ்ப் பெண் ஒருத்தியை ஏறத்தாழ ஆறு மாதம் உலு யாம் இஸ்லாமிய மத மறுவாழ்வு மையத்தில் வைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி அவள்.

எவரெஸ்ட் குழுவில் இருந்த மூர்த்தியை மறந்துவிட்டோமா? 1997இல் நாடே கொண்டாடிய மலேசியக் குழுவில் இடம்பெற்ற தமிழன். 2005 டிசம்பரில் அவர் இறந்தபோது, தன் கணவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி கதறினார். அவர் முஸ்லிம் என்று ஷரியா நீதிமன்றம் அறிவித்தது. எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் கையை விரித்தது. உடலை இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்துவிட்டார்கள். ஈப்போ இந்திரா காந்தி, கணவர் தனியாக முஸ்லிம்களாக மாற்றிய தன் மூன்று பிள்ளைகளுக்காக 2009இலிருந்து போராடி, 2018 ஜனவரி 29 அன்றுதான் ஒருதலைப்பட்ச மதமாற்றம் செல்லாது என்ற தீர்ப்பை வாங்கினார். 11 மாதத்தில் கணவர் தூக்கிப் போன கடைக்குட்டியைத் தேடி அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். இதெல்லாம் தெரிந்தும் தங்கையை அனுப்புவீர்களா? அன்பு உண்மை என்றால் அந்தப் பையன் மாறட்டும். அவனால் முடியாது அல்லவா? அப்படியானால் இது எப்படிச் சமமான திருமணம்?

பினாங்கு நெய்னா

மாரியம்மன் கோவில் தெரு அண்ணனுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். நீங்கள் சொன்ன எந்த வழக்கையும் நான் மறுக்கவில்லை. மூர்த்தியின் மனைவி அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு என் தாயார் அன்று பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் மூர்த்தி வழக்கும் இந்திரா வழக்கும் மனைவிக்குத் தெரியாமல் கணவர் மட்டும் மாறியதால் வந்தவை. இங்கே ஒரு பெண் கண்ணைத் திறந்துகொண்டு கேட்கிறாள்.

என் மார்க்கத்தை நான் அறிந்த அளவில் சொல்கிறேன். "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்பது குர்ஆன் 2:256. நம்பிக்கை கொள்ளாத, இணைவைக்கும் (அல்லாஹ்வோடு வேறு தெய்வங்களையும் வணங்கும்) பெண்ணை மணக்காதீர்கள் என்பதும் அதே அத்தியாயம், 2:221. இரண்டும் முரண் இல்லை. நம்பினால் வா, நம்பாவிட்டால் உன் வழியில் நிம்மதியாக இரு என்பதே பொருள். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற நபிமொழி எல்லோருக்கும் தெரியும். அதன் தொடர்ச்சியைப் பலர் சொல்வதில்லை: ஒரு பெண்ணை மணப்பதற்காக ஹிஜ்ரத் (ஊர்விட்டுப் பெயர்ந்து போதல்) செய்தவருக்கு அந்தப் பெண்ணுக்கான பயணம்தான் கணக்கு, அல்லாஹ்வுக்கான பயணம் அல்ல. எனவே தங்கையிடம் நான் சொல்வது: நிக்காஹ் தேதிக்காகக் கலிமா சொல்லாதே அம்மா.

நம்பிக்கையோடு வந்தால் அவளுக்குப் பாதுகாப்பும் உண்டு. கணவன் கொடுக்கும் மணக்கொடையான மஹர் அவளுக்கே சொந்தம். நிக்காஹ்வின்போது கணவன் தஃலீக் என்ற நிபந்தனை வாசகத்தைச் சொல்லிக் கையெழுத்திடுகிறான்; மாதக்கணக்கில் செலவுக்குக் கொடுக்காமல் விட்டால், அதை வைத்தே அவள் ஷரியா நீதிமன்றத்தில் விலகல் கேட்கலாம். இரண்டாம் திருமணத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். பெண்ணைக் கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளுவதைப் போல இதைப் பேசாதீர்கள்.

நீதிமன்ற வாசல்

நெய்னா அண்ணன், நீங்கள் சொன்னதையே உங்களிடம் கேள்வியாக வைக்கிறேன். நிர்ப்பந்தம் கூடாது, நிக்காஹ்வுக்காக மாறக்கூடாது என்கிறீர்கள். சட்டமோ, மாறாவிட்டால் திருமணமே இல்லை என்கிறது. அப்படியானால் நாட்டில் ஆண்டுதோறும் திருமணத்தை ஒட்டி மாறுகிறவர்களில் எத்தனை பேருடைய கலிமாவை உங்கள் மனசாட்சி ஏற்றுக்கொள்கிறது? நம்பிக்கை இல்லாமல் கையெழுத்து வாங்கும் ஏற்பாட்டை எதிர்த்து முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள், மார்க்கப் பற்றுள்ள உங்களைப் போன்றவர்கள் அல்லவா?

பினாங்கிலேயே ஒன்று நடந்தது. ஈரானியர் ஒருவரை மணப்பதற்காகச் சீனப் பெண் ஒருவர் மாறினார். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் ஒருநாளும் முஸ்லிமாக வாழவில்லை என்று அந்தப் பெண் மனுப்போட்டார். 2008இல் பினாங்கு ஷரியா நீதிமன்றம் அவர் வெளியேற அனுமதித்தது. மதம் மாறியவருக்கு வழிகாட்டும் கடமையைக் கணவரும் மத இலாகாவும் செய்யவில்லை என்பதுதான் அங்கே பேசப்பட்டது. அப்படியொரு தீர்ப்பு அரிது. நெகிரி செம்பிலான் சட்டத்தில் வெளியேற ஒரு நடைமுறை எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் முதலில் தவ்பாவுக்கு (மனந்திரும்பி இஸ்லாத்துக்கு வர) அழைத்து, ஆலோசனைக்கு அனுப்பி, காத்திருக்க வைத்த பிறகுதான். பெரும்பாலான மாநிலங்களில் அந்த அளவுக்குக்கூடத் தெளிவு கிடையாது.

பினாங்கு நெய்னா

நியாயமான கேள்வி. அந்தப் பினாங்குப் பெண்ணின் விஷயத்தில் என் வெட்கம் அந்தக் கணவரைப் பற்றியது, தீர்ப்பைப் பற்றியது அல்ல. ஆனால் திருமணத்தை ஒட்டி வந்த நம்பிக்கை எல்லாம் பொய் என்று அடித்துச் சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை. நபிகள் காலத்தில், இன்னும் முஸ்லிமாகாத அபூ தல்ஹா பெண் கேட்டு வந்தபோது, நீ இஸ்லாத்தை ஏற்பதே எனக்கு மஹர் என்றார் உம்மு சுலைம். அதன்பின் அவர் எப்படிப்பட்ட தோழராக வாழ்ந்தார் என்பது வரலாறு. வாசல் எதுவாக இருந்தாலும் உள்ளே வந்தபின் வேர்விடலாம். பதிவுத் திருமணத்தை முஸ்லிமுக்குத் திறந்துவிடச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அது என் பார்வையில் நிக்காஹ்வே ஆகாது. வெளியேறுகிறவரைப் பிடித்து அடைத்து வைப்பதையும் நான் ஒப்பவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செரம்பான் அக்கா

மூன்று ஆண்பிள்ளைகளும் நன்றாகப் பேசுகிறீர்கள். மாறியவள் நான். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கேளுங்கள்.

என் நிக்காஹ் அன்று அப்பா வந்திருந்தார். முஸ்லிம் அல்லாத தகப்பன் வலியாக (மணப்பெண்ணின் பொறுப்பாளராக) இருக்க முடியாது என்பதால், எனக்காக அரசு சார்பிலான வலி ஹாக்கிம் உட்கார்ந்தார். முன்பின் பார்த்திராத அதிகாரி. என்னைப் பெற்றவர் சுவர் ஓரத்து நாற்காலியில், பட்டு வேட்டியின் மடிப்பை நீவியபடி இருந்தார். இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவைத் தயார்செய்து அழைத்துப் போயிருப்பேன். வேண்டாம் என்றால் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருப்பேன். தம்பி, உங்கள் அப்பாவிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

பெற்றோரை விட்டு அறுத்துக்கொள்ளச் சொல்லி இஸ்லாம் என்னிடம் கேட்கவில்லை. இணைவைக்கச் சொல்லி அவர்கள் வற்புறுத்தினால் கீழ்ப்படியாதே, ஆனாலும் இவ்வுலகில் அவர்களோடு நல்லபடி நடந்துகொள் என்பது குர்ஆன் 31:15. நபித்தோழியான அஸ்மாவின் தாய் இஸ்லாத்துக்கு வராத நிலையில் மகளைப் பார்க்க வந்தபோது, உறவைப் பேணிக்கொள் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள். என் கணவர் தீபாவளிக்கு முதல்நாளே புதுப் பாத்திரம் வாங்கி எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். நாங்கள் சாப்பிட அதில் தனியாகச் சமைப்பார் அம்மா.

அறுத்தது என் சொந்தக்காரர்கள். அம்மா இறந்தபோது கூடத்தில் நான் நின்றேன். சடங்கைச் செய்ய எனக்கு எண்ணமில்லை, அவர் காலருகில் நிற்கத்தான் வந்தேன். வாய்க்கரிசித் தட்டு வரிசையாக வந்தது. என் முன்னால் வந்ததும் பெரியம்மா அதைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார். "இவள் இப்போது நமக்கு யார்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மாரியம்மன் கோவில் தெரு அண்ணா, மதத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நீங்கள் எழுதும்போது, அந்தக் கூடத்தில் நின்ற என்னையும் கணக்கில் சேருங்கள்.

நெய்னா அண்ணன், உங்களுக்கும் ஒன்று. கலிமா சொன்ன முதல் ஆண்டில் எனக்குத் தொழுகை சொல்லிக்கொடுத்தது மாமியார் மட்டும்தான். வகுப்பில் எல்லாம் மலாயில் ஓடியது. புரியாத இடத்தில் கையைத் தூக்கினால், பிறகு பார்க்கலாம் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது, அது உண்மை. வராமல் போயிருந்தால் எனக்கு எந்த இடமும் இருந்திருக்காது, அதுவும் உண்மை.

மாரியம்மன் கோவில் தெரு

அக்கா, அந்தத் தட்டு உங்களைச் சுற்றிப் போனது பாவம். எங்கள் கோவில் கூட்டத்தில் இதைச் சொல்வேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. உங்களுக்கு நல்ல கணவரும் நல்ல மாமியாரும் அமைந்தார்கள். அமையாதவளுக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? நல்ல மனிதர்கள் கிடைப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு பெண்ணின் பிறப்பு மதத்தைத் திரும்ப முடியாதபடி மாற்றச் சொல்ல என்னால் முடியாது. சட்டம் மாறும்வரை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் "வேண்டாம்" என்றுதான் சொல்வேன்.

பூச்சோங் அண்ணன்

இது தங்கை. அண்ணனின் கணக்கிலிருந்து எழுதுகிறேன். அனைத்தையும் படித்தேன். அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மாரியம்மன் முன்னால் நின்றால் இன்றும் என் கை தானாகக் கூப்புகிறது. இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். "பொய்யாகக் கலிமா சொல்லி என்னிடம் வராதே" என்று அவரே சொல்லிவிட்டார். அவருடைய வீட்டில்தான் அடுத்த ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்கள். பதிவு செய்யாமல் வகுப்பில் மட்டும் உட்கார்ந்து படிக்க முடியுமா? படித்தும் நம்பிக்கை வராவிட்டால் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவது சரியான வழியா?

பினாங்கு நெய்னா

படிக்கலாம் தங்கச்சி. 1960இல் முதல் பிரதமர் துங்கு தொடங்கிய பெர்கிம் என்ற இஸ்லாமிய நல அமைப்பு இருக்கிறது, கிளைகளில் கேட்டுப் பாருங்கள். கலிமா சொல்லாதவர் வந்து கேட்பதற்குத் தடை இருக்கக்கூடாது. தமிழில் சொல்லித்தரும் ஆலிமையும் (மார்க்க அறிஞரையும்) கேளுங்கள். பினாங்கிலும் கிள்ளானிலும் தமிழ் முஸ்லிம் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. சிங்கப்பூர்ப் பதிவை என்னால் சரி என்று சொல்ல முடியாது. உங்களுக்கு அது சட்டத்தின் கேள்வி. அந்தப் பையனுக்கு அது வாழ்நாள் முழுதும் ஹராமா ஹலாலா என்ற கேள்வி. அவரைத் தனியாக யோசிக்க விடுங்கள்.

நீதிமன்ற வாசல்

தங்கச்சி, வகுப்பில் உட்காருவது வேறு, மதமாற்றப் பதிவுப் படிவத்தில் கையெழுத்திடுவது வேறு. எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் முதலில் படம்பிடித்து ஒரு வழக்கறிஞருக்கு அனுப்புங்கள். "வருகைப் பதிவுதான்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னாலும் அனுப்புங்கள். சிங்கப்பூரில் பதிவது மட்டும் போதாது, அங்கேயே வாழ்ந்தாக வேண்டும். மருந்தாளராக அங்கே தனியாகப் பதிவு பெற வேண்டும், அவருக்கும் வேலை வேண்டும். இங்கே இருக்கும் பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போனால் இருவரும் சேர்ந்து வந்து தங்க முடியுமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். சேமநிதி, வீடு, காப்புறுதி இவற்றில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவரையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு யாராவது ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அப்பா வர விரும்பினால் அவரையும் அழைத்துப் போங்கள்.