கிரீனுக்கு அருகிலுள்ள ஸ்புரூஸ் மரங்களை ஜனவரியில் அகற்றலாமா?

கேள்வி – பசுந்தரை:
கனடாவின் ஒன்டாரியோவில் நான் பணிபுரியும் கோல்ஃப் மைதானத்தில், ஏழாவது கிரீனுக்கு (பந்துக்குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) தென்கிழக்கே வரிசையாக நிற்கும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் நிழல் முற்பகல் வரை விலகுவதில்லை. அதனால் கிரீனில் வளர்க்கும் பென்ட் புல் மெலிந்து, போவா அன்னுவா என்னும் களைப்புல்லும் பாசியும் பரவிவிட்டன. மைதானம் மூடியிருக்கும் ஜனவரியில் அவற்றை அகற்ற நிர்வாகக் குழு விரும்புகிறது. கனரக இயந்திரங்கள் ஃபேர்வேயை (கிரீன் வரை நீளும் ஆட்டப் புல்வெளியை) கடக்க வேண்டியிருப்பதால் தயங்குகிறேன். மூத்த உறுப்பினர்கள் சிலர் மரம் வெட்டுவதையே எதிர்க்கிறார்கள்.

பதில் – மண்வெட்டி:
ஜனவரி பொருத்தமான காலந்தான். எனினும் தேதியைவிட மண்ணின் நிலையே முக்கியம். மண் ஆழமாக உறைந்திருந்தால் சக்கரத் தடம் பதியாது. மேல்மண் மட்டும் இளகி, அடிமண் உறைந்தே கிடக்கும் நாள்களில் வண்டி ஏறினால், இளகிய அடுக்கு நழுவி வேர்கள் அறுந்துபோகும். அந்தச் சேதம் புல் துளிர்க்கும் பருவத்தில்தான் கண்ணில் படும். அத்தகைய நாள்களில் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கிரீனை ஒட்டிய மரங்களைத் துண்டுதுண்டாக அறுத்து, கயிறு கட்டி இறக்கச் சொல்வது நல்லது.

பதில் – காலைவெயில்:
எந்த மரங்களை வெட்டுவது என்பதைக் கோடைக்கால நிழலை வைத்தே முடிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால், தொலைவில் நிற்கும் மரத்தின் நிழல்கூடக் கிரீன் வரை நீண்டு உங்களை ஏமாற்றும். ஆனால் ஸ்புரூஸ் இலையுதிர்க்காத மரம் என்பதால் மார்ச்சில் விழும் அதன் நிழலையும் கணக்கில் கொள்ள வேண்டும்: நிழலில் பனிக்கட்டி உருகத் தாமதமாகும், கட்டியின் அடியில் போவா அன்னுவா பொதுவாக 60 நாள்களுக்கு மேல் தாங்குவது அரிது. பென்ட் புல் அதைவிட நெடுநாள் தாங்கும்.

உறுப்பினர்களுக்கு அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் கோல்ஃப் மைதானத்தைச் சுட்டிக்காட்டலாம். 1903இல் ஏறத்தாழ வெட்டவெளியாக அமைந்து, பின்னர் மரங்கள் அடர்ந்துபோன அந்த மைதானத்தில், 1990களில் தொடங்கி ஆயிரக்கணக்கான மரங்கள் அகற்றப்பட்டன. அதன் பிறகும் 2007, 2016, 2025 ஆகிய ஆண்டுகளில் யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி அங்கேதான் நடந்தது. தொடக்கத்தில் அவர்கள் உறுப்பினர் கண்ணில் படாமல் விடியலுக்கு முன்பே வெட்டினார்கள். அந்த வழி உங்களுக்கு வேண்டாம்; கிரீனில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதை அளந்து காட்டுங்கள்.

பசுந்தரை:
நன்றி. பக்கத்திலுள்ள ஓக் மரத்தின் கிளைகளையும் அப்போதே கழிக்கலாமா? அடிக்கட்டைகளை என்ன செய்வது?

பதில் – மண்வெட்டி:
ஓக்கைக் கழிக்கக் குளிர்காலமே பாதுகாப்பானது. 2023இல் ஒன்டாரியோவில் கண்டறியப்பட்ட ஓக் வாடல் நோயைப் பரப்பும் வண்டுகள், வசந்தத்திலும் கோடையிலும் புது வெட்டுக்காயங்களைத் தேடி வரும். அடிக்கட்டைகளை அரைத்த பிறகு மரத்தூளை அப்படியே குழியில் தள்ளி மூடிவிடாதீர்கள். அது மட்கும்போது மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், தரையும் அமிழும். தூளை அள்ளிவிட்டு நல்ல மண் நிரப்பி, மண் இளகிய பிறகு புல்பத்தை (வேர்மண்ணோடு வெட்டியெடுத்த புல்) பதியுங்கள். நகராட்சி அனுமதியையும் இப்போதே விசாரித்துவிடுங்கள்; டொராண்டோவில் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்துக்கு அது கட்டாயம்.