ஆற்று நீர்த் திட்டத்துக்குக் கல்வியாளர்களை ஆலோசகர்களாகச் சேர்ப்பது: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நால்வரின் அனுபவங்கள்

ஆற்றோரம், சாட்ஸ்வர்த்

உம்லதுசானா, உம்பிலோ ஆறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, தரவை எல்லாருக்கும் திறந்து வைக்கும் சிறு குழுக்கள் "பல்கலைக்கழகத்தில் யாரைப் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "எங்கள் ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகச் சேருங்கள்" என்று எழுதினால் பெரும்பாலும் பதில் வராது. சில சமயம் "மகிழ்ச்சி, சேர்கிறேன்" என்று ஒரே வரி வந்து, அதற்குப் பிறகு ஆள் இருக்கும் இடம் தெரியாது. பதில் வராததைவிட இது மோசம். பெயர் பட்டியலில் இருக்கும், பொறுப்பு யாரிடமும் இருக்காது.

வேலையைச் சொல்லிக் கேளுங்கள். "நீர் மாதிரி எடுக்கும் முறையை 6 பக்கத்தில் எழுதி இணைத்திருக்கிறோம். மூன்றாம் பக்கத்து இடத் தேர்வில் தவறு உண்டா என்று மட்டும் பாருங்கள், ஒன்றரை மணி நேரம் போதும்" என்று எழுதினால் பதில் வருகிறது. கடிதம் 200 சொல்லுக்குள் இருக்கட்டும். என்ன தரவு, எத்தனை இடம், எத்தனை மாதமாக என்று முதல் பத்தி. கேள்வி அடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், 12 மாதத்தில் பொறுப்பு தானாக முடியும் என்ற கணக்கு கடைசியில். செனோடோ என்ற இலவசத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றிய தரவின் டிஓஐ எண்ணையும் (நிரந்தர இணைய அடையாள எண்) போட்டுவிடுங்கள். தரவைக் கண்ணால் பார்க்க முடிந்தால் அவர்களுக்குப் பாதிச் சந்தேகம் போய்விடும்.

காலம் பார்த்து அனுப்புங்கள். மே கடைசி முதல் ஜூன் வரை விடைத்தாள், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்க மறுபடியும் விடைத்தாள். டிசம்பர் 16-க்குப் பிறகு ஜனவரி முதல் வாரம் வரை நாடே மூடிக்கிடக்கும். ஜூலை விடுமுறைதான் நல்ல சமயம்.

எண்சுவடி, ஃபீனிக்ஸ்

ஆற்றோரம் அண்ணா சொன்னது சரி. ஆனால் எல்லாரும் முதலில் உயிரியல் பேராசிரியரைத்தான் தேடுகிறார்கள். முதலில் வேண்டியவர் புள்ளியியல்காரர், அதுவும் தண்ணீர் எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால். ஓராண்டுத் தரவைக் கொண்டுபோய் "இதில் என்ன தெரிகிறது" என்று கேட்டால் அவர் செய்யக்கூடியது அனுதாபப்படுவது மட்டும்தான்.

மாதிரி எடுக்கும் இடமெல்லாம் பாலத்தடியில் இருப்பது வழக்கமான தவறு. கார் நிறுத்த வசதி, இறங்க வசதி. ஆனால் மழைநீர்க் குழாயும் குப்பையும் வந்து சேருவதும் அங்கேதான், அதனால் ஆறு முழுக்க அப்படி என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. கழிவுநீர்க் குழாய் பொங்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒரே நாளில், ஒரே ஆள் கையால் எடுத்தால்தான் ஒப்பிடலாம். மழை பெய்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறிக்க வேண்டும்.

மலக்கழிவு கலந்ததைக் காட்டும் இ.கோலி பாக்டீரியா எண்ணிக்கை ஒரு நாள் 90, மறு வாரம் 40,000 என்று தாவும். சராசரி எடுத்தால் அந்த ஒரு நாளே எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அதனால் பெருக்கல் சராசரி (எண்களைக் கூட்டி வகுக்காமல், பெருக்கி மூலம் எடுப்பது). குளிக்க ஏற்ற நீருக்கு 1996 தென்னாப்பிரிக்க வழிகாட்டி சொல்லும் இலக்கு 100 மில்லிக்கு 130 வரை. சில குழுக்கள் ஒரே ஒரு அளவை இதோடு ஒப்பிட்டு அறிக்கை விடுகின்றன. அந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தத்தான் ஆலோசகர். மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்காவிட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது, அது வேறு விஷயம்.

மினிசாஸ், அதாவது ஆற்றில் வாழும் சிற்றுயிர்களை வைத்து ஆற்றின் நலத்தைக் கணிக்கும் முறை, செய்பவர்களுக்கும் இதே கதை. பூச்சி, புழு, நத்தை போன்ற 13 சிற்றுயிர்க் கூட்டங்களில் கிடைத்தவற்றின் மதிப்பெண்ணைக் கூட்டி, கிடைத்த கூட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். பாறை ஆற்றுக்கும் மணல் ஆற்றுக்கும் தர அட்டவணை வேறு. ஓடாத தண்ணீரில், கழிமுகத்தில் அது செல்லாது. ஆனாலும் கழிமுகத்து மதிப்பெண்ணோடு வந்து நிற்பவர்கள் உண்டு. நீர்வாழ் உயிரியல் தெரிந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், "எங்கள் திட்டம் எப்படி இருக்கிறது" என்பது அல்ல.

மேரிபேங்க் கரை

யாரைக் கேட்பது என்பதில் எனக்கு வேறு கருத்து. துறைத் தலைவரை விடுங்கள். இளம் விரிவுரையாளர், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், ஓய்வு பெற்றவர் ஆகிய மூவரையும் கேளுங்கள். இங்கே பல்கலைக்கழகங்களில் கற்பித்தல், ஆய்வு, சமூக ஈடுபாடு மூன்றும் பார்க்கப்படுகின்றன. பதவி உயர்வுக் கோப்புக்கு மூன்றாவதில் காட்ட ஏதாவது வேண்டும். எத்தனை மணி நேரம், எந்த ஆவணத்தில் என்ன மாற்றம் என்று தேதியோடு கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் அதுவே அவர்களுக்குச் சம்பளம். சம்பளமில்லாத வெளி வேலையையும் நிர்வாகத்திடம் தெரிவிக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. அதை அவர்கள் செய்துகொள்ளட்டும், நீங்கள் நினைவுபடுத்தினால் போதும். ஆலோசகர் வந்துவிட்டார் என்பதற்காகப் பல்கலைக்கழகச் சின்னத்தைத் துண்டறிக்கையில் போட்டுவிடாதீர்கள். அதற்கு அனுமதி தனி.

நலன் முரண் கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். டர்பன் தென்பகுதியில் ஆற்றைப் பற்றித் தெரிந்தவர்களில் பலர் நகராட்சிக்கோ தொழிற்சாலைக்கோ ஆலோசனைப் பணி செய்திருப்பார்கள். அதனால் வேண்டாம் என்பதில்லை, எழுதி வைத்தால் போதும். 2021 ஜூலையில் கோர்னூபியாவில் இரசாயனக் கிடங்கு எரிந்து உம்லங்கா கழிமுகம் கெட்டது போல ஒன்று நடக்கும்போது, "இவர் யார் பக்கம்" என்று பத்திரிகைக்காரர் முதலில் கேட்பார்.

நெறி, கேட்டோ மேனர்

தண்ணீரை மட்டும் அளந்தால் மனித ஆய்வு நெறிமுறைக் குழு பெரும்பாலும் தேவைப்படாது. "உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கா" என்று ஒரு கேள்வி சேர்த்தீர்களோ, கதை மாறிவிடும். நடந்து முடிந்த சேகரிப்புக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள். "பேராசிரியர் இருக்கிறார், அவருடைய ஒப்புதலே போதும்" என்பதும் தவறு, அவர் ஆலோசகர், முதன்மை ஆய்வாளர் அல்ல. அந்த விண்ணப்பத்துக்கு ஒரு நிறுவனத்துக்குள் பொறுப்பேற்கும் ஆள் வேண்டும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் ஆற்றோரக் குடியிருப்புகளில் பயனில்லை, ஈசிசூலுவிலும் (சூலு மொழி) வேண்டும்.

தன்னார்வலர் பெயர், கைபேசி எண்ணோடு கூடிய எக்செல் தாளை அப்படியே ஆலோசகருக்கு அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவுக்கு 2021 ஜூலை 1 முதல் எல்லாரும் இணங்கியாக வேண்டும். பெயருக்குப் பதில் குறியீடு வையுங்கள், படங்களில் இருக்கும் இடத்தகவலை நீக்குங்கள். அட்சரேகையில் மூன்று தசமம் சுமார் 110 மீட்டர், நான்கு என்றால் 11 மீட்டர். ஆற்றுக்கு நான்கு சரி, வீட்டுக்குக் கூடாது.

ஆற்றோரம், சாட்ஸ்வர்த்

கட்டுரை ஆசிரியர் பெயரையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆலோசனை சொன்னதால் மட்டும் ஒருவர் ஆசிரியர் ஆகிவிடமாட்டார். ஆய்வுக் கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று வகைப்படுத்தும் கிரெடிட் (CRediT) பட்டியலின் 14 பணிகளில் அவர் எதைச் செய்கிறார் என்று குறித்துக்கொண்டால் பிறகு மனக்கசப்பில்லை. அங்கீகரித்த இதழில் வரும் கட்டுரைக்கு அரசு மானியம் ஆசிரியர்களின் நிறுவனங்களுக்குப் பங்கு பிரிந்து போகிறது. பல்கலைக்கழகப் பெயரைப் போடச் சொல்லி அவர் அழுத்துவதும், குறிப்பிட்ட இதழைக் கேட்பதும் அதனால்தான். தவறில்லை, தெரிந்து ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் "என் கட்டுரை வரும்வரை தரவை இரண்டு வருடம் பூட்டி வையுங்கள்" என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறு மாதம் தரலாம். அதற்கு மேல் போனால் அது திறந்த அறிவியல் இல்லை.

எண்சுவடி, ஃபீனிக்ஸ்

கூட்டத்துக்கு ஒரு வார்த்தை. ஜூமில் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், அதனால் 35 நிமிடத்துக்கு இரண்டே கேள்வி. இரண்டு பக்கக் குறிப்பு ஏழு நாள் முன்னால் போய்ச் சேர வேண்டும். நான்கு ஆலோசகர் போதும். பன்னிரண்டு பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் படித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நெறி, கேட்டோ மேனர்

12 மாதம் முடிந்ததும் புதுப்பிக்கச் சம்மதமா என்று ஒரு மடல் அனுப்புங்கள். 14 நாளில் பதில் இல்லையென்றால் பெயரை "முன்னாள் ஆலோசகர்" என்று வருடத்தோடு மாற்றிவிட்டு, நன்றிக் கடிதத்தில் அவர் செய்த வேலையை மட்டும் எழுதுங்கள்.