மாமாவின் தக்காளி மண்டி பில்லில் மைனஸ் 23536 வருகிறது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

பென்னாகரத்துப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம் முடித்துவிட்டேன், அடுத்து மூன்றாவது செமஸ்டர். பன்னிரண்டு வரை தமிழ் மீடியம், வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். சி புரோகிராமிங் பேப்பரில் தியரி 71, பிராக்டிகல் 92. அந்த 92 எப்படி வந்தது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பதினான்கு புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் எழுதி, அவுட்புட்டைப் பென்சிலில் எழுதி, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சீட்டு எடுத்ததில் பாலிண்ட்ரோம் (திருப்பிப் படித்தாலும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது) வந்தது. கை தானாக அடித்தது.

லீவில் பாலக்கோட்டில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்குத் தக்காளி மண்டியில் கமிஷன் கடை. "கம்ப்யூட்டர் படிக்கிறியே பாப்பா, பில் போடுற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு" என்றார். எத்தனை பெட்டி, பெட்டி என்ன விலை, மொத்தம் எவ்வளவு, நூற்றுக்குப் பத்து கமிஷன் கழித்தால் விவசாயிக்கு எவ்வளவு, இவ்வளவுதான் கேட்டார். எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தேன். ரெக்கார்டு நோட்டில் இந்தப் புரோகிராம் இல்லையே! கடைசியில் அவர் பையனின் பழைய கம்ப்யூட்டரில் டாஸ்பாக்ஸ் (பழைய டாஸ் புரோகிராம்களை ஓடவைப்பது) வைத்து, எங்கள் லேபில் இருக்கும் அதே நீலத்திரை டர்போ சி என்ற பழைய கம்பைலரைப் போட்டு எப்படியோ எழுதினேன். 10 பெட்டி, 350 ரூபாய் கொடுத்தால் 3500 வந்தது. சந்தோஷமாக அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அன்றைய சீட்டைப் பார்த்து 120 பெட்டி, 350 ரூபாய் என்று அடிக்கச் சொன்னார். 42000 வர வேண்டிய இடத்தில் -23536 வந்தது. "அப்ப நான்தான் உனக்கும் சேர்த்துக் காசு குடுக்கணுமா?" என்று கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

இது ஏன் என்று யாராவது சொல்லுங்கள். அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு வருடம் படித்து ஒரு தக்காளி பில் போடத் தெரியவில்லை என்றால், மிச்சம் இரண்டு வருடத்தில் என்ன தெரிந்துவிடப் போகிறது? பி.இ. படிக்கிறவர்களுக்கு வேறு மாதிரி சொல்லித் தருகிறார்களா? ஓசூரில் கோர்ஸ் சேரலாமா என்று அப்பா கேட்கிறார், ஃபீஸுக்குக் கடன்தான் வாங்க வேண்டும்.

ஓசூர் ஷிஃப்ட்

மொத்தத்துக்கு இன்ட் (முழு எண்) போட்டிருப்பாய், ஃப்ளோட் (தசம எண்) என்று மாற்று, சரியாகிவிடும்.

டிகிரியில் ஒன்றும் இல்லை தங்கச்சி, நானும் பி.எஸ்சி.தான். பேப்பரைக் கையில் வாங்கியதோடு சரி, இன்டர்வியூவில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜாவா ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் முடித்துவிட்டுத்தான் டெஸ்டிங்கில் உள்ளே போனேன். இந்தக் காலத்தில் சி எல்லாம் யார் எழுதுகிறார்கள், அதுவும் ஏஐ வந்த பிறகு? மாமா பில்லை ஏஐ-யிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடும்.

பர்கூர் பேட்ச்

ஓசூர் அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, மொத்தத்தை மட்டும் ஃப்ளோட் ஆக்கினாலும் அந்த -23536 அப்படியேதான் வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ. முடித்தவன், இப்போது பெங்களூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் கும்பலில் ஒருத்தன்.

டர்போ சி-யில் இன்ட் என்பது இரண்டு பைட், அதாவது 16 பிட். 16 பிட்டில் மொத்தம் 65536 விதமான எண்களைத்தான் எழுத முடியும், அதில் பாதி மைனஸ் பக்கம் போய்விடும். மேலே 32767 வரை, கீழே -32768 வரை. 32767-க்கு மேல் ஒன்று கூட்டினால் 32768 வராது, ஒரு சுற்று சுற்றி -32768-க்குப் போய் நிற்கும். பழைய பைக்கில் கிலோமீட்டர் 99999 தாண்டினால் 00000 வருமே, அந்த மாதிரிதான். இப்போது 42000-இலிருந்து 65536-ஐக் கழித்துப் பார். மைனஸ் 23536. உன் கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடவில்லை, அதற்குக் கொடுத்த டம்ளரில் அவ்வளவுதான் பிடித்தது. புது ஜிசிசி கம்பைலரில் இன்ட் நான்கு பைட், 214 கோடி வரை தாங்கும், அங்கே இதே புரோகிராம் சரியாக ஓடும். மாமா கடைக்கு அது போதும். ஆனால் காரணம் தெரியாமல் ஓடியிருக்கும்.

இதைத்தான் நீ இனிமேல் படிக்கப் போகிறாய். கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் என்று ஒரு பேப்பர் வரும், டூஸ் காம்ப்ளிமென்ட் (மைனஸ் எண்ணை பிட்டில் எழுதும் முறை) என்று எல்லோரும் கடம் அடிப்பார்கள். நீ அடிக்க வேண்டியதில்லை, மண்டியிலேயே பார்த்துவிட்டாய். அப்புறம் மாமா "நேத்து பில்லைக் காட்டு" என்பார். ஃபைலில் எழுதி வைக்க வேண்டும். பாதி எழுதும்போது கரண்ட் போனால்? விவசாயிக்குப் பணம் கொடுத்த மாதிரி பதிவாகி, கல்லாவில் கழியாமல் நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லை இரண்டுமே நடக்கக் கூடாது. டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) பேப்பரில் டிரான்சாக்‌ஷன் என்று வரும் பாடம் முழுக்க இதுதான். ஒரே விவசாயியின் பெயரும் ஊரும் ஐம்பது பில்லிலும் திரும்பத் திரும்ப இருக்கும், ஒரு இடத்தில் பெரியசாமி, இன்னொரு இடத்தில் பெரியசாமி கவுண்டர் என்று. அதைப் பிரித்துத் தனி டேபிளில் வைப்பதுதான் நார்மலைசேஷன். 1970-இல் காட் என்பவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த யோசனை, இன்றைக்கும் பேங்க் கணக்குகள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன.

ஆயிரம் விவசாயி பெயர் அகர வரிசையில் இருந்தால், நடுவில் பார்த்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால், பத்து தடவை பார்ப்பதற்குள் ஆளைப் பிடித்துவிடலாம், பத்து லட்சம் பெயர் என்றாலும் இருபது தடவைதான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸில் பைனரி சர்ச் வரும்போது இதை நினைத்துக்கொள். கடையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கைத் திருத்தினால் என்ன ஆகும் என்பது ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) பேப்பர். நான்காவது செமஸ்டர் வரை எனக்கும் இதெல்லாம் தனித்தனி பேப்பராகத்தான் தெரிந்தது. பாஸ் பண்ணினேன், அவ்வளவுதான்.

பி.இ.-க்கும் பி.எஸ்சி.-க்கும் வித்தியாசம் கேட்டாய். என் தம்பி அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷனில் படிக்கிறான். முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி, மூன்றாவதில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஜாவா, டிஸ்கிரீட் மேத்ஸ், நான்காவதில் அல்காரிதம், டிபிஎம்எஸ், ஓஎஸ், ஐந்தாவதில் நெட்வொர்க்ஸ், கம்பைலர். நடுவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, டிராயிங், தமிழர் மரபு என்று ஒரு பேப்பரும் உண்டு (அவன் ஆர்வமாகப் படித்தது அது ஒன்றுதான்). உங்களுக்கு அந்த இடத்தில் தமிழ், இங்கிலீஷ், அலைடு பேப்பர் வரும். தியரி ஆஃப் கம்ப்யூடேஷன், கம்பைலர் இரண்டும் பல பி.எஸ்சி. சிலபஸில் இருக்காது, கணக்கும் கொஞ்சம் குறைவு. மற்றபடி அடிப்படைப் பேப்பர்கள் ஒன்றேதான். வேண்டுமென்றால் மூன்று வருடம் முடித்து டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்சிஏ இரண்டு வருடம் போ, அங்கே விட்டதைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஃப்ளோட் விஷயம்: பெட்டியும் விலையும் இன்ட் ஆக இருந்தால் பெருக்கல் இன்ட்-லேயே நடந்து, அங்கேயே கெட்டுப்போய், கெட்ட எண்தான் ஃப்ளோட்டுக்குப் போகும். இரண்டையும் ஃப்ளோட் ஆக்கினால் 42000 வரும்தான். ஆனால் காசுக் கணக்கை ஃப்ளோட்டில் வைக்காதே, பத்து பைசாவைக்கூட அதில் துல்லியமாக எழுத முடியாது, மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதுகிற கதைதான். பைசாவாக மாற்றி முழு எண்ணாக வை. லாங் (இன்ட்-ஐவிடப் பெரிய, நான்கு பைட் முழு எண்) போட்டுப் பார்.

மொரப்பூர் ரயில்

நான் ஒரு காலேஜில் கௌரவ விரிவுரையாளர். பன்னிரண்டு வருடமாக இந்த சி லேபை எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் எழுதுகிறேன். ரெக்கார்டு நோட்டு மனப்பாடத்துக்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அறுபது பேருக்கு ஓடுகிற கம்ப்யூட்டர் இருபத்தி ஏழு, ஒரு லேப் அவரில் மூன்று பேர் ஒரு சிஸ்டத்தில் உட்கார்ந்தால் ஒருத்தி அடிப்பாள், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். எக்ஸ்டர்னல் வருகிறவரும் லிஸ்டில் இருக்கும் புரோகிராமைத்தான் கேட்பார். லிஸ்டில் இல்லாததை நான் ஒருமுறை இன்டர்னலில் கேட்டேன், அடுத்த நாள் பெற்றோர் வந்துவிட்டார்கள்.

உன் -23536 சாதாரண விஷயம் இல்லை பாப்பா. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்தது. 64 பிட்டில் இருந்த ஒரு எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கப் பார்த்ததுதான் காரணம், உன் மாமா கடையில் நடந்ததற்கு ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் வகுப்பில் இன்ட் ரேஞ்ச் என்ன என்று இரண்டு மார்க் கேள்வி கேட்டால் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். அந்த 32767 எங்கே வந்து கடிக்கும் என்று கடிபட்டவள் நீ ஒருத்திதான்.

ஏஐ எழுதிக் கொடுக்கும், மறுக்கவில்லை. மைனஸ் வந்தால் அது ஏன் என்று அதனிடமே கேட்கலாம், பதிலும் சொல்லும். ஆனால் மாமாவின் சீட்டையும் ஸ்கிரீனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "இது தப்பு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அன்றைக்கு மாமாதானே சொன்னார்.

கடன் வாங்கிக் கோர்ஸ் சேராதே, இப்போது வேண்டாம். என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி வகுப்புகள் சும்மாவே கிடைக்கின்றன, பரீட்சை எழுதினால்தான் ஃபீஸ். லேப்டாப் இல்லாவிட்டால் போனில் டெர்மக்ஸ் என்ற ஆப்பைப் போட்டு சி எழுதலாம், விரல் வலிக்கும், ஆனாலும் ஓடும். ஓசூர் தம்பி சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, கடைசி வருடம் வேலைக்கென்று ஜாவாவோ வேறு ஏதோ ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், டிகிரி மட்டும் கைகொடுக்காது.

ஓசூர் ஷிஃப்ட்

ஃப்ளோட் விஷயத்தில் நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். இன்டர்வியூ விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். :)

பென்னாகரத்துப் பொண்ணு

அண்ணா, மேடம், ரொம்ப நன்றி. ஆனால் மொத்தத்தை லாங் என்று மாற்றிவிட்டேன், விடையைத் திரையில் காட்டும் பிரின்ட்எஃப்-இல் சதவீதக் குறிக்குப் பக்கத்தில் லாங்குக்கான எல்டி-யும் போட்டுவிட்டேன், மறுபடியும் அதே -23536. கம்பைலர் ஒரு எரர்கூடக் காட்டவில்லை. நான் வேறு எங்கோ தப்பு செய்கிறேனா?

பர்கூர் பேட்ச்

ஃப்ளோட்டுக்குச் சொன்னதேதான். மொத்தம் மட்டும் பெரிய டம்ளர், பெட்டியும் விலையும் இன்னும் சின்ன டம்ளர். சின்னதிலேயே பெருக்கி, வழிந்து, மிச்சம்தான் பெரியதில் விழுகிறது. பெட்டியையும் லாங் ஆக்கு. எண்ணை வாங்கும் ஸ்கேன்எஃப்-இலும் எல்டி போட மறக்காதே.

பென்னாகரத்துப் பொண்ணு

42000 வந்துவிட்டது!! இப்போது கமிஷன் 0 என்று காட்டுகிறது. மொத்தம் * (10 / 100) என்றுதான் எழுதியிருக்கிறேன், கணக்குப்படி சரிதானே? "கமிஷன் இல்லாம நான் எதுக்கு மண்டி நடத்தணும்" என்கிறார் மாமா.

மொரப்பூர் ரயில்

விடையை நான் சொல்ல மாட்டேன், மற்றவர்களும் சொல்லாதீர்கள். பேப்பரை எடு பாப்பா, 10-ஐ 100-ஆல் வகுத்தால் முழு எண்ணாக என்ன மிஞ்சும் என்று மட்டும் எழுதிப் பார்.

பென்னாகரத்துப் பொண்ணு

பூஜ்யம்! அடைப்புக்குறியை எடுத்துவிட்டு முதலில் பத்தால் பெருக்கி, அப்புறம் நூறால் வகுத்தேன். 4200, விவசாயிக்கு 37800. மாமா கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். இப்போது இறக்குக் கூலியும் வண்டி வாடகையும் தனித்தனியாகக் கழிக்க வேண்டுமாம், வண்டி வாடகை ஆளுக்கு ஆள் மாறுமாம். நாளைக்கு உட்காருகிறேன்.